கீழ்த்தளத்தில் எவரும் மிஞ்சவில்லை

நாற்பத்தாறு வயதில்தான் எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தது. தோள்பட்டை நழுவி மூன்று மாதம் வீட்டில் கிடந்தபோது, "சும்மா சுவரைப் பாத்துக்கிட்டுக் கிடக்கிறதுக்கு இதையாவது பாருங்க" என்று மனைவி பழைய செய்தித்தாளை நீட்டினாள். அவள் எட்டாவது வரை படித்தவள். அடுப்பில் ஒரு கண்ணும் என்மேல் ஒரு கண்ணுமாகச் சொல்லிக்கொடுத்தாள். பொறுமைசாலி என்று சொல்ல முடியாது. "மாட்டுக்குச் சொல்லிக் குடுத்திருந்தா இந்நேரம் மனு எழுதியிருக்கும்" என்பாள். எப்படியோ வந்துவிட்டது. வந்த எழுத்தை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம்தான் இது.

நான் வேலை செய்வது ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில். மூட்டைகளை அழுக்கு அறையில் பிரித்து, ரகம் பார்த்து, இயந்திரத்தில் போடுவார்கள். பிழிந்து வரும் விரிப்புகள் பெரிய சூட்டு உருளைக்குள் ஒரு பக்கம் ஈரமாக நுழைந்து மறுபக்கம் மொடமொடவென்று வரும். வருகிற பக்கத்தில் நாங்கள் நாலு பேர். இரண்டு பேர் முனை பிடிக்க வேண்டும், இரண்டு பேர் மடிக்க வேண்டும். பிடி தவறினால் விரிப்பு தரையில் விழும். தரையில் விழுந்தது திரும்பவும் முதலிலிருந்து வெளுக்கப் போக வேண்டும். அதனால் விரிப்பின் நுனி தெரிந்தாலே எங்கள் கை தானாக நீளும். மனசிடம் கேட்காது.

நாலு பேரில் ஒருத்தி சின்னக்கா. பெரியக்கா என்று ஒருத்தி இருந்து, வேலையை விட்டுப் போய், வருஷம் பல ஆகியும் இவள் சின்னக்காவாகவே நின்றுவிட்டாள். சோப்புத் தண்ணீரில் இருபது வருஷம் ஊறி அவள் விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. மடிக்கிற மேசைக்கு வந்த பிறகுதான் கொஞ்சம் ஆறியிருந்தது. அடுத்தவன் மொட்டை. தலை நிறைய முடி உண்டு. எப்போதோ ஒரு முறை மழித்தான், பேர் ஒட்டிக்கொண்டது. இன்னொருவர் மௌனசாமி. நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதில் இரண்டு "உம்".

மூட்டைகளில் என்னென்னவோ வரும். பல்செட்டு, கைக்கடிகாரம், மோதிரம். எல்லாம் ஒரு பெட்டிக்குள் போகும். ஒரு மாதத்தில் யாரும் கேட்டு வராவிட்டால் வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். குழந்தைகள் ஆஸ்பத்திரி மூட்டையில் ஒரு முறை ஒரு நாவல் வந்தது. பேர் 'சாம்பல் பட்டை'. அட்டையில் ஒரு பெண்பிள்ளை உடைந்த கண்ணாடிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். பின்னட்டையில் 'இளையோருக்கான எதிர்கால நாவல்' என்று போட்டிருந்தது. எனக்கு ஐம்பத்தொன்று. ஆனால் எழுத்தை வைத்துப் பார்த்தால் ஐந்து வயசுப் பிள்ளைதானே என்று எடுத்துக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முக்கால் மணி நேரம் உருளையை நிறுத்தி, ஆறவைத்துத் துடைப்பார்கள். அப்போது தலையணை உறைகளையும் துண்டுகளையும் கையால் மடிப்போம். சத்தம் இருக்காது. ஒரு நாள் நான் புத்தகத்தைப் பிரித்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்ததை சின்னக்கா பார்த்துவிட்டாள்.

"என்ன, தனியாச் சாப்பிடறீங்க? எங்களுக்கும் கொஞ்சம் போடுங்க."

"மடிக்கிற வேலை?"

"உங்க குவியலை நாங்க மூணு பேரும் பங்கு போட்டுக்கறோம். நீங்க படிங்க வாத்தியாரே."

மொட்டை முனகினான். "இவன் வாய் அசைக்கிறதுக்கு நான் கை அசைக்கணுமா? நல்ல நியாயம்." ஆனால் முதல் நாள் முடிவில் அவன்தான் முதலில் கேட்டான், "அப்புறம்?"

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. நான் படிப்பேன், அவர்கள் என் பங்கையும் மடிப்பார்கள். என் தோளுக்கு நாளைக்கு முக்கால் மணி நேரம் ஓய்வு. அந்த ஓய்வு எனக்கு எவ்வளவு பெரிது என்று அவர்களிடம் நான் சொல்லவில்லை.

நான் பிரித்தவுடன் கடகடவென்று படிக்கிறவன் இல்லை. காலையில் பஸ்ஸில் போகும்போதே அன்றைக்குரிய நாலு பக்கத்தைப் படித்து வைத்துக்கொள்வேன். முரண்டு பிடிக்கும் சொல்லை மனைவியிடம் முந்திய சாயங்காலமே கேட்டு வைப்பேன். சமையல்காரன் ருசி பார்ப்பது மாதிரி, அடுத்து வருவது அவர்களுக்கு முன் எனக்குத் தெரியும்.

கதை இதுதான். கண்ணாடிக் கூரை போட்ட ஒரு நகரம். பதினைந்து வயதானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுவார்கள். தங்க நிறம் ஆளப் போகும், பச்சை படிக்கப் போகும், சாம்பல் நிறம் கீழ்த்தளத்துக்குப் போகும். நாயகிக்குச் சாம்பல் விழுகிறது. கீழ்த்தளத்தில் என்ன வேலை தெரியுமா? மேலே இருப்பவர்களின் துணியை வெளுக்கிற வேலை.

அந்த வரியைப் படித்ததும் மூன்று பேரும் மடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"நம்மளையா எழுதியிருக்கான்?" என்றாள் சின்னக்கா.

"அச்சுல போட்டிருக்கு. நானா சொல்றேன்?"

"எதிர்காலத்துலயும் துணியை நாமதான் வெளுக்கணுமா?" என்றான் மொட்டை. "மெஷின் வந்துடும்னு சொன்னானுங்களே!"

கீழ்த்தளத்தில் ஒரு கிழவி. அவளுக்குப் பேர் வைக்கவில்லை, கிழவி என்றே எழுதியிருந்தது. அழுதுகொண்டிருந்த நாயகிக்குத் தன் போர்வையைக் கொடுக்கிறாள், கறை எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறாள், காவலர்கள் தேடி வந்தபோது அழுக்குத் துணிக் குவியலுக்குள் ஒளித்து வைக்கிறாள். அவ்வளவுதான், மொத்தம் பதினோரு பக்கம். ஆனால் சின்னக்கா அந்தக் கிழவியைப் பிடித்துக்கொண்டாள். காலையில் வந்ததும், "இன்னிக்குக் கிழவி வர்றாளா?" என்பாள். வராத நாளில் துண்டுகளைச் சுருட்டி எறிவாள். "அந்தப் பொண்ணு கண்ணாடி பாக்கறதை விடச் சொல்லுங்க. கிழவி சாப்பிட்டாளா இல்லையா, அதை எழுதினானா?" என்று நாவலாசிரியரோடு சண்டை போடுவாள்.

நூற்றெண்பத்தோராம் பக்கம் ஒரு திங்கட்கிழமை வந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தேன். நாயகியின் பட்டை தவறுதலாகக் கட்டப்பட்டது என்று தெரியவருகிறது. அவள் ஆள்பவரின் சொந்த மகள். மேலே போகிறாள். அவளைக் காப்பாற்ற வந்த பையன் நீர்மதகைக் கீழ்த்தளத்துப் பக்கம் திறந்துவிடுகிறான். பிறகு இப்படி இருந்தது: 'கீழ்த்தளத்தில் எவரும் மிஞ்சவில்லை. அவள் ஒரு கணம் கண்களை மூடினாள். பின் அவன் கையைப் பற்றிக்கொண்டு ஓடினாள்.'

எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பப் படித்தேன். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் விட்டுப்போயிற்றோ என்று நகத்தால் கீறிப் பார்த்தேன். பக்க எண்கள் சரியாக இருந்தன. நாலாவது முறை படித்தபோதுதான் குறை என் கண்ணில் இல்லை என்று புரிந்தது. கிழவி செத்துப்போனாள். செத்தாள் என்றுகூட எழுதவில்லை. எவரும் மிஞ்சவில்லை என்பதற்குள் அவளும் இருந்தாள், அவ்வளவுதான். மிச்சம் எழுபது பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். நாயகி இரண்டு பையன்களில் யாரைக் கட்டிக்கொள்வது என்று எழுபது பக்கமும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

புத்தகத்தின் மேல் எனக்கு இப்படிக் கோபம் வரும் என்று தெரியாது. கடைக்காரன் எடையில் ஏமாற்றினால் வருகிற கோபம் வேறு. இது, நம்பிப் போன வீட்டில் வாசலோடு நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டால் வருமே, அது.

மதியம் உருளை நின்றது. மூன்று பேரும் என் குவியலைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நான் புத்தகத்தைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருந்தேன்.

"என்ன வாத்தியாரே, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றாள் சின்னக்கா. அவள் மடியில் நான் மடிக்க வேண்டிய பதினைந்து உறைகள் இருந்தன.

நான் வாயைத் திறந்தேன். புத்தகத்தில் இல்லாதது வந்தது.

மதகு திறக்கவில்லை. கிழவியைச் சாக்கடைச் சுரங்கத்துக்கு மாற்றச் சொல்லி மேலிடத்து உத்தரவு வருகிறது. கிழவி சலவை இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். "நான் எழுந்திருக்க மாட்டேன். உங்கள் அழுக்கை நாற்பது ஆண்டுகள் வெளுத்தவள் நான். நான் அறியாத கறை எதுவும் உங்களிடம் இல்லை." அச்சில் இருப்பது போலவே தோன்ற வேண்டும் என்று எழுத்துத் தமிழிலேயே சொன்னேன். கிழவி உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவள் உட்கார்ந்தாள். பிறகு அவளுக்குப் பக்கத்தில் இருந்தவன். கீழ்த்தளம் முழுக்க உட்கார்ந்தது. மூன்று நாளில் மேலே உடுத்த வெளுத்த துணி இல்லாமல் ஆள்பவர்கள் இறங்கி வந்தார்கள்.

இதை ஒரே நாளில் சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் இழுத்தேன். நடு நடுவே பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்று ஞாபகம் வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். ஒரு நாள் மொட்டை, "ஒரே பக்கத்துல இவ்வளவா எழுதியிருக்கான்? எறும்பு எழுத்தா?" என்றான். பிறகு ஜாக்கிரதையாகப் புரட்டினேன். கிழவி பேசிய வரியை சின்னக்கா மூன்று முறை திரும்பப் படிக்கச் சொன்னாள். மூன்று முறையும் ஒரே மாதிரி வர வேண்டுமே என்று எனக்கு வியர்த்தது.

சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நாளைக்குக் கிழவி என்ன பேசுவாள் என்று யோசிப்பேன். அவர்கள் என் பங்கை மடிக்கிறார்கள், நான் பொய்யைக் கொடுக்கிறேன் என்பது அவ்வப்போது குத்தும். நல்ல பொய்தானே என்று தட்டிவிடுவேன்.

பதின்மூன்றாம் நாள், காலையில், உருளை ஓடிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் வந்தார். எங்களைவிட இருபது வயது சின்னவர், மோசமான ஆள் என்று சொல்ல முடியாது. அழுக்கு அறையில் ஒரு ஆள் நின்றுவிட்டார் என்றும், சின்னக்கா இனிமேல் அங்கே போக வேண்டும் என்றும் சொன்னார்.

அழுக்கு அறையில் நாள் முழுக்க ரப்பர் கையுறை போட்டிருக்க வேண்டும். வெடித்த விரல் அதற்குள் வெந்துவிடும். முன்பு ஒரு முறை சின்னக்காவுக்கு அங்கே சீழ் வைத்து, நகம் இரண்டு கழன்று விழுந்திருக்கிறது. இது எல்லோருக்கும் தெரியும்.

"என் கை தாங்காது சார்."

"நான் என்னம்மா பண்றது? ஆள் இல்லையே. நாளைக்கு..."

சின்னக்கா ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்து, உருளைக்கு முன்னால் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள்.



"நான் எழுந்திருக்க மாட்டேன்" என்றாள். ஒரு சொல் பிசகவில்லை. "உங்கள் அழுக்கை இருபது ஆண்டுகள் வெளுத்தவள் நான். நான் அறியாத கறை எதுவும் உங்களிடம் இல்லை." நாற்பதை இருபதாக மட்டும் மாற்றியிருந்தாள்.

சூப்பர்வைசர் திகைத்தார். "என்னம்மா இது, நாடகமா?"

 எங்களைப் பார்த்தாள். முதலில் மொட்டையை, பிறகு மௌனசாமியை, கடைசியில் என்னை. பதற்றமே இல்லாத பார்வை. அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும், பன்னிரண்டு நாள் கேட்டிருக்கிறாளே. பக்கத்தில் இருப்பவர் உட்கார வேண்டும்.

உருளையிலிருந்து ஒரு விரிப்பின் நுனி வெளியே வந்தது. என் கை நீண்டு பிடித்தது. எதிர்முனையை மொட்டை பிடித்தான். மடித்தோம். அடுத்தது வந்தது. அதையும் பிடித்தோம்.

எத்தனை விரிப்பு போயிற்று என்று தெரியாது. சின்னக்கா தானாகவே எழுந்தாள். கூடையை நிமிர்த்தி இருந்த இடத்தில் வைத்தாள். மூன்று நாள் வேலைக்கு வர வேண்டாம், வந்த பிறகு நேராக அழுக்கு அறைக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் போனார்.

மதியம் உருளை நின்றபோது யாரும் படிக்கச் சொல்லவில்லை.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், புத்தகத்தில் இல்லாததைச் சொன்னது உட்பட. அவள் பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை.

"நீங்க ஏன் உக்காரல?"

"தோள் வலி."

"உக்கார்றதுக்குத் தோள் எதுக்கு?"

நான் தோளைத் தடவிக்கொண்டேன்.

"எழுதறவன் கொன்னான். நீங்க உயிர் குடுத்து, நடுத்தெருவுல நிக்க வச்சீங்க. அவனைத் திட்டறதுக்கு உங்களுக்கு வாய் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, துலக்கிய பாத்திரத்தையே மறுபடியும் துலக்கினாள்.

நாலாம் நாள் சின்னக்கா வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அழுக்கு அறைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கையுறையைக் கழற்றி விரல்களைக் காற்றில் விரித்து வைத்திருந்தாள். அதற்குள்ளேயே சிவந்திருந்தன. புத்தகத்தோடு போய் எதிரே உட்கார்ந்தேன்.

"நானே கேக்கணும்னு இருந்தேன் வாத்தியாரே" என்றாள். "வீட்டுல உக்காந்து யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். நான் எங்கேயோ தப்பாச் சொல்லிட்டேன். கிழவி சொன்னப்ப எல்லாரும் உக்காந்தாங்க. நான் சொன்னப்ப ஒருத்தரும் உக்காரல. ஒரு வார்த்தை மாறிப்போச்சோ? இன்னொரு தடவை அந்த எடத்தைப் படிங்க, பாப்போம்."

பஸ்ஸில் நானும் இப்படித்தான் குறை என்மேல் என்று நினைத்து நகத்தால் தாளைக் கீறினேன்; அந்த விரலை எனக்கே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க சின்னக்கா. புத்தகத்துல அது இல்லை."

"எது இல்லை?"

"கிழவி உக்கார்றது. எல்லாரும் உக்கார்றது. எதுவும் இல்லை. நானாச் சொன்னேன்."

புத்தகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு, "இருக்கிறதைப் படி" என்றாள். இத்தனை வருஷத்தில் என்னை நீ என்று சொன்னது அப்போதுதான்.

நூற்றெண்பத்தோராம் பக்கத்தைப் படித்தேன். மூன்று வரிதானே, எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

"கீழ எத்தனை பேர் இருந்தாங்கன்னு போட்டிருக்கா?"

"இல்லை."

"கிழவி பேரு?"

"கடைசி வரைக்கும் இல்லை. எனக்கு மனசு வரல சின்னக்கா. உங்ககிட்ட இதை எப்படிப் படிக்கிறது? நீங்க என் பங்கையெல்லாம் மடிச்சுக்கிட்டு..."

"கிழவி செத்திருந்தா ஒரு நாள் அழுதிருப்பேன்" என்றாள். "மறுநாள் அந்தப் பொண்ணைத் திட்டிக்கிட்டே துண்டு மடிச்சிருப்பேன். அச்சுல இருக்குதுன்னுதானே நம்பினேன். எங்கேயோ, யாரோ, உக்காந்து பாத்திருக்காங்க, நடந்திருக்கு, அதான் எழுதியிருக்காங்கன்னு." கையை மடியில் வைத்துக்கொள்ளப் போய், துணி பட்டதும் எடுத்துவிட்டாள். "நீ சொன்னதுன்னு தெரிஞ்சிருந்தா உன்கிட்டயே கேட்டிருப்பேன். நான் உக்காந்தா நீ உக்காருவியா, மாட்டியான்னு. நீ மாட்டேன்னு சொல்லியிருப்ப. நானும் கம்முனு இருந்திருப்பேன்."

நான் மறுக்கவில்லை. மறுத்தால் அதுவும் கட்டுக்கதையாகத்தான் இருக்கும்.

"புத்தகத்தை எடுத்துக்கிட்டுப் போ. சாப்பாட்டு நேரம் முடியப் போகுது."

மடிக்கிற மேசைக்குப் போய் மற்ற இருவரிடமும் சொன்னேன். மொட்டை கையிலிருந்த துண்டை மேசைமேல் போட்டான். ஏதாவது கிண்டல் செய்வான், திட்டுவான் என்று காத்திருந்தேன். என் பங்குக் குவியலை என் முன்னால் தள்ளிவிட்டு அவன் தன்னுடையதை மடிக்கத் தொடங்கினான். மௌனசாமி என்னைப் பார்த்தார். "நாமளும் உக்காரலையே" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அதுதான். அவர் தன்னையும் சேர்த்துச் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை. கிழவி உட்கார்ந்த கதையை அவர் கட்டிவிடவில்லை, நான்தான் கட்டிவிட்டேன்.

வேலை முடிந்ததும் சூப்பர்வைசர் அறைக்குப் போனேன். கை கழுவிக்கொண்டிருந்தார்.

"சார், அழுக்கு அறைக்கு நான் போறேன். சின்னக்காவைப் பழைய எடத்துக்கே அனுப்புங்க."

"ஏன் அண்ணே, உங்க தோள்ல ஏதோ கோளாறுன்னு சீட்டு இருக்கே. ஈர மூட்டை தூக்கணுமே அங்க."

"ஆமா சார். எத்தனை நாள் தாங்கும்னு தெரியாது. தாங்கற வரைக்கும் போறேன். அப்புறம் மாத்தி மாத்தி வச்சுக்கலாமான்னு மத்தவங்ககிட்டக் கேக்கறேன். அவங்க ஒத்துக்குவாங்களான்னு சொல்ல முடியாது. ஆனா சின்னக்கா கை வேண்டாம் சார்."

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அன்றைய கூத்துக்குக் காரணம் என்ன என்று அவர் காதுக்கும் போயிருக்க வேண்டும். "இதுவும் அந்தப் புத்தகத்துல இருக்கா?"

"இல்லை சார். இது நான் சொல்றது."

"நாளைக்கே ஆள் வேணும் எனக்கு."

"சரிங்க."

வெளியே வந்ததும் தோள் வலிக்கத் தொடங்கிவிட்டது, இன்னும் ஒரு மூட்டையைக்கூடத் தூக்கவில்லை. ஏன் வாயைக் கொடுத்தோம் என்று பஸ் ஏறும்வரை யோசித்தேன். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை அழுக்கு அறை வாசலில் சின்னக்கா தன் கையுறைகளைக் கழுவிக் கம்பியில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் அவளிடம் சொல்லியிருந்தார்.  நான் மூக்குத்துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே நுழையும்போது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"மூட்டையை உதறாதீங்க. சில சமயம் ஊசி இருக்கும். மடிப்பு மடிப்பாப் பிரிக்கணும்."

"சரி சின்னக்கா."

திரும்பிப் பார்ப்பதற்குள் மேசைப் பக்கம் போய்விட்டாள். உருளை ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. வரிசையாகக் கிடந்த மூட்டைகளில் முதலாவதன் முடிச்சை அவிழ்த்தேன்.